புளோக்கின் கீழே கடை வருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிய பேட்டைக்குக் குடிபோனவர்களும் பழைய பேட்டையில் கடை நடத்துபவர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய புளோக்கின் கீழ்த்தளம் யாருடையது, அங்கே கடை வைக்க யார் அனுமதிப்பது, வாடகை ஏன் ஏறுகிறது, யாரிடம் போய்ச் சொல்வது என்பவைதான் பெரும்பாலும் கேட்கப்படுகின்றன. எல்லாக் கேள்விக்கும் ஒரே அளவில் பதில் சொல்லவில்லை. சிலவற்றுக்கு ஒரு வரி போதும்.

சிங்கப்பூரில் ஊராட்சி, நகராட்சி என்று ஏதாவது இருக்கிறதா?

ஊரில் இருப்பது போல இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. 1957 தேர்தலுக்குப் பிறகு நகரசபையும் ஒரு மேயரும் இருந்தார்கள். அந்த மேயர் ஓங் எங் குவான். 1959-இல் சுயாட்சி வந்ததும் நகரசபையின் வேலைகள் அரசாங்கத்தின் கைக்குப் போய்விட்டன. சின்னத் தீவுக்கு இரண்டு அடுக்கு ஆட்சி எதற்கு என்ற நினைப்பு அப்போதே வந்துவிட்டது.

இன்று ‘உள்ளூர் நிர்வாகம்’ என்று நாம் சொல்வது பல துண்டுகளாகக் கிடக்கிறது. நகர மன்றம் என்பது ஒன்று. 1986-இல் அங் மோ கியோவில் சோதனையாக ஆரம்பித்து, 1988-இல் சட்டமானது. அதை நடத்துவது அந்தந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர்கள். சமூக மேம்பாட்டு மன்றம் என்பது இன்னொன்று. தீவு முழுவதற்கும் ஐந்து மன்றங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயர். பட்டம்தான் மேயர். கட்டட அனுமதி, நிலப் பயன்பாடு எதுவும் அவர்கள் மேசைக்கு வராது.

அப்படியானால் என் புளோக்கின் கீழ் கடை வரலாமா கூடாதா என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

மூன்று கை படுகிறது. நிலம் எதற்கு என்பதை நகர மறுசீரமைப்பு ஆணையம் பெருந்திட்டத்தில் குறிக்கிறது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அதைத் திரும்பிப் பார்க்கிறார்கள். எத்தனை வீடு, எங்கே கடை, எந்த வகைக் கடை என்பதை வீவக தீர்மானிக்கிறது. பல இடங்களில் கடையின் சொந்தக்காரரும் அதுவே. நகர மன்றம் கடைக்கு வெளியே இருக்கும் தரையைக் கூட்டுகிறது, விளக்குப் போடுகிறது, லிஃப்டைப் பழுதுபார்க்கிறது.

இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் பலர் நகர மன்றத்துக்கு மாதக்கணக்கில் மின்னஞ்சல் அனுப்புகிறார்கள். “கீழே காலி இடம் கிடக்கிறதே, ஒரு மளிகைக் கடை வைத்தால் என்ன?” என்று கேட்டால், “உங்கள் கருத்தை உரிய அமைப்புக்கு அனுப்பியிருக்கிறோம்” என்றுதான் பதில் வரும். தட்டிக்கழிக்கிறார்கள் என்று கோபப்பட வேண்டாம். அவர்களால் உண்மையிலேயே அவ்வளவுதான் முடியும்.

கீழ்த்தளத்தை ஏன் காலியாக விட்டார்கள்? கடை வைத்திருந்தால் வாடகையாவது வந்திருக்குமே?

எல்லாக் காலத்திலும் காலியாக விடவில்லை. வீவக 1960-இல் தொடங்குவதற்கு முன்பே, 1930களில் தியோங் பாருவில் கட்டிய வீடுகளில் சில புளோக்குகளுக்குக் கீழே கடைகள் இருந்தன. இன்றும் இருக்கின்றன. 1960களின் வீவக புளோக்குகளிலும் கீழே வீடு, கடை இரண்டும் உண்டு. தரைத்தளத்து வீடு என்றால் போகிற வருகிறவர்கள் எல்லாரும் ஜன்னலில் எட்டிப்பார்ப்பார்கள். சத்தமும் தூசியும் வேறு. 1970களிலிருந்து கீழ்த்தளத்தைத் தூண்கள் மட்டும் நிற்கும் திறந்தவெளியாக விடுவதே வழக்கமாயிற்று. காற்று போகும், மழைக்கு ஒதுங்கலாம், அக்கம்பக்கத்தார் முகம் பார்த்துப் பேசலாம் என்பது கணக்கு.

அந்தக் கணக்கு ஓரளவு பலித்தது. மலாய்க்காரர்களின் கல்யாணம், சீனர்களின் இறுதிச் சடங்கு, நம் வீட்டுத் துக்கத்துக்கு வந்தவர்கள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலிகள் எல்லாம் அங்கேதான். சதுரங்கம் வரைந்த கல் மேசையைச் சுற்றி மாலையில் நான்கு தாத்தாக்கள் இருப்பார்கள். ஆட்டம் இரண்டு பேருக்கு, ஆலோசனை நான்கு பேரிடமிருந்தும்.

ஆனால் இப்போது முழுக்கக் காலியான கீழ்த்தளம் குறைந்துவருகிறது. பாலர் பள்ளி, குழந்தைப் பராமரிப்பு நிலையம், முதியோர் நிலையம், வசிப்போர் குழு அறை என்று ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்துவிட்டன. திறந்தவெளி என்று ஏட்டில் இருக்கும், போய்ப் பார்த்தால் பாதி இடம் கண்ணாடிச் சுவர். இவை தேவையில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடைக்கு இடமில்லை என்று சொல்லும்போது ‘கீழ்த்தளம் எல்லாருக்கும் பொது’ என்ற காரணத்தை மட்டும் இழுப்பது சரியல்ல.

மாமா கடை மட்டும் எப்படிக் கீழ்த்தளத்தில் இருக்கிறது?

அது விதிக்குள்ளே விடப்பட்ட ஒரு சின்ன ஜன்னல். லிஃப்டுக்குப் பக்கத்தில், இரண்டு தூணுக்கு நடுவே, ஒரு ஆள் நின்று கை நீட்டினால் எல்லாப் பொருளும் எட்டும் அளவுக்கு ஓர் அறை. முன்னால் ஐஸ்கிரீம் பெட்டி, கம்பியில் தொங்கும் உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட், ரொட்டி, முட்டை, பனடோல், டாப்-அப் அட்டை. ஒரு காலத்தில் தமிழ் முரசும் பெரித்தா ஹரியானும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். இவற்றில் பலவற்றை ஆரம்பித்தவர்கள் தமிழ் முஸ்லிம்கள். எல்லா இனத்துப் பிள்ளைகளும் ‘மாமா’ என்று கூப்பிட்டே அந்தப் பெயர் நின்றுவிட்டது.

தொகுப்புவீட்டு வாழ்க்கைக்குச் சரியான அளவுக் கடை அதுதான் என்பது என் கருத்து. அரை இரவில் பால் பாக்கெட்டுக்கு யாரும் மால் போக மாட்டார்கள். ஆனால் பேரங்காடிகள் 24 மணி நேரம் திறக்க ஆரம்பித்ததாலும், பிள்ளைகள் கடையில் உட்கார விரும்பாததாலும் மாமா கடைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கின்றன. இதில் அரசாங்கத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. பதினாறு மணி நேரம் நிற்க யார் தயார்?

எங்கள் பக்கத்துப் புளோக்கின் கீழே வரிசையாகப் பத்துக் கடை. எங்கள் புளோக்கில் ஒன்றுமே இல்லை. ஏன்?

வீவக நகரம் அடுக்கடுக்காகத் திட்டமிடப்படுகிறது. உச்சியில் நகர மையம்: பேருந்து நிலையம், எம்ஆர்டி, மால், நூலகம். அதற்குக் கீழே அக்கம்பக்க மையம்: ஈரச்சந்தை, காப்பிக்கடை, கிளினிக், மளிகை, முடிதிருத்தகம். ஏறத்தாழ 4,000 முதல் 6,000 வீடுகளுக்கு ஒன்று என்பது பழைய அளவு. அதற்கும் கீழே சில நூறு வீடுகள் சேர்ந்த வட்டாரம். அங்கே இரண்டு மூன்று கடை இருந்தால் அதிகம். தோ பாயோவில் பழகி, அங் மோ கியோ, பிடோக் எனப் பெருகிய முறை இது.

உங்கள் பக்கத்துப் புளோக் அந்த அக்கம்பக்க மையத்தில் விழுந்திருக்கிறது. உங்கள் புளோக் விழவில்லை. ஒவ்வொரு புளோக்கிலும் கடை வைத்தால் எல்லாக் கடையும் பட்டினி கிடக்கும் என்பது திட்டமிடுபவர்களின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. இருநூறு மீட்டர் நடக்க முடியாத பாட்டிக்கு அந்த நியாயம் புரியாது என்பதும் உண்மைதான்.

புதிய பேட்டைக்கு வந்து ஒரு வருடமாகிறது. இன்னும் கடையே இல்லையே?

இது புதுப் பிரச்சினையல்ல. பொங்கோலிலும் செங்காங்கிலும் ஆரம்பக் காலத்தில் குடிபோனவர்கள் இதையேதான் சொன்னார்கள். 2023-இல் தெங்காவுக்கு முதலில் போனவர்களும் சொன்னார்கள். வீடு முதலில் முடிகிறது, கடைக் கட்டடம் பின்னால் வருகிறது. கடைக்காரர் கேட்பது “ஆள் எங்கே?” குடிவந்தவர் கேட்பது “கடை எங்கே?” யாராவது ஒருவர் முதலில் நட்டப்பட வேண்டும். அந்த நட்டத்தை வாடகைச் சலுகையாக வீவக ஏற்றுக்கொள்வதுதான் நியாயம் என்று எனக்குப் படுகிறது. நிலமும் அதனுடையது, வீட்டுச் சாவியை எப்போது கொடுப்பது என்பதும் அதற்கு முன்கூட்டியே தெரியும்.

பொங்கோலின் ஒயாசிஸ் டெரசஸ், செம்பவாங் பக்கம் கேன்பரா பிளாசா போன்ற புதுத் தலைமுறை அக்கம்பக்க மையங்களை வீவகவே கட்டி நடத்துகிறது. கிளினிக், பேரங்காடி, சாப்பாடு, விளையாட்டிடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். வசதிதான். மழையிலும் போகலாம். பழைய கடைவரிசையில் கிடைக்கும் தையற்காரரும் சாவி வெட்டுபவரும் இங்கே அதிகம் கண்ணில் படுவதில்லை.

வீவக கடைக்கு வாடகை எப்படி நிர்ணயிக்கப்படுகிறது? என் உறவுக்காரருக்கு வாடகை திடீரென ஏறிவிட்டது.

முதலில் அவர் யாருக்கு வாடகை கொடுக்கிறார் என்று கேளுங்கள். இந்தப் பக்கத்தில் முக்கியமான பதில் இதுதான்.

பேட்டைக் கடை என்றாலே வீவக கடை என்று நினைக்கிறோம். பாதிதான் சரி. 1992-இல் வாடகைக்கு இருந்த கடைக்காரர்களுக்கே கடையை விற்கும் திட்டம் வந்தது. 1998 வரை விற்றார்கள். நம்மவர்களில் சிலரும் கடன் வாங்கி வாங்கினார்கள், நன்றாகவும் இருந்தார்கள். நோக்கம் நல்லதுதான்: வருஷக்கணக்கில் உழைத்தவருக்குச் சொந்த இடம். ஆனால் அவர் ஓய்வுபெறும்போது என்ன ஆகிறது? கடையை விற்கிறார், அல்லது வாடகைக்கு விடுகிறார். அடுத்து வருபவர் முதலீட்டாளர். அவருக்கு அங்கே மளிகை ஓடுகிறதா நகப்பூச்சுக் கடை ஓடுகிறதா என்பது முக்கியமல்ல. மாதம் எவ்வளவு வருகிறது என்பதுதான் முக்கியம்.

காப்பிக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-இல் வெளியான அதிகாரபூர்வக் கணக்குப்படி வீவக பேட்டைகளில் 776 காப்பிக்கடைகள். அவற்றில் 402 தனியார் கையில், 374 மட்டுமே வீவகவின் கையில். அதே ஆண்டு தெம்பனிஸில் ஒரு காப்பிக்கடை 41.68 மில்லியன் வெள்ளிக்கு விலைபோனது. ஈசூனில் ஒன்று 40 மில்லியனுக்கு. அவ்வளவு போட்டு வாங்கியவர் கடைக்குள் ஸ்டால் வைத்திருப்பவரிடம் என்ன வாடகை கேட்பார் என்று யோசித்துப் பாருங்கள். ரொட்டிப் பரோட்டா ஏன் விலை ஏறியது என்பதற்கு மாவை மட்டும் காரணம் சொல்ல முடியாது.

வீவக நேரடியாக வாடகைக்கு விடும் கடைகளில் நிலைமை வேறு. டெண்டரில் கடை கிடைக்கிறது, குத்தகை பெரும்பாலும் மூன்றாண்டுக்கு ஒருமுறை சந்தை நிலவரப்படி புதுப்பிக்கப்படுகிறது. காப்பிக்கடை போன்ற சில தொழில்களுக்கு விலையோடு தரத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறை 2018-இல் வந்தது. மலிவு விலைச் சாப்பாடு வைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இந்தக் கடைகளுக்குத்தான். விற்றுவிட்ட கடையின் வாடகையை வீவக கட்டுப்படுத்துவதில்லை. ஆக, 1990களில் கைமாறிய சாவிதான் இன்றைய பாதிப் பிரச்சினைக்குக் காரணம்.

நாடாளுமன்ற உறுப்பினரிடம் மக்கள் சந்திப்பில் சொன்னால் வாடகை குறையுமா?

உங்கள் கடை வீவக கடையானால் ஒரு கடிதம் எழுதுவார். சில சமயம் கால அவகாசம் கிடைக்கும். தனியார் உரிமையாளர் என்றால் தேநீர் கொடுத்து ஆறுதல் சொல்வதைத் தவிர அவரால் அதிகம் செய்ய முடியாது. நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்க முடியும், அது வேறு. காப்பிக்கடை எண்ணிக்கை போன்ற விவரங்கள் வெளியே வருவதே அப்படிப்பட்ட கேள்விகளால்தான்.

கடை வாசலில் சாமான் அடுக்கினால் அபராதமா?

அனுமதி வாங்காமல் அடுக்கினால் சிக்கல்தான். இது நகர மன்றத்தின் எல்லை. கடையின் நான்கு சுவருக்குள் வீவக அல்லது உரிமையாளர். ஷட்டருக்கு வெளியே காலை வைத்தால் அது பொதுச் சொத்து, நகர மன்றத்தின் பொறுப்பு. பல நகர மன்றங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு வாசலில் ஓர் எல்லை வரை பொருள் வைக்க விடுகின்றன. வெள்ளிக்கிழமை காலையில் வாழை இலைக் கட்டும் மல்லிகைக் கூடையும் தேங்காய் மூட்டையும் அந்த எல்லையைத் தாண்டி நடைபாதைக்கு வழிவது நம்முடைய மளிகைக் கடைகளில் சகஜம். வாடிக்கையாளருக்கு அழகாகத்தான் இருக்கும். சக்கர நாற்காலியில் வருபவருக்கும் தீயணைப்பு வண்டிக்கும் அழகு பார்க்க நேரமிருக்காது. ஆகவே எல்லையைக் கேட்டு வாங்கி, அதற்குள் அடுக்குங்கள்.

வீட்டில் இருந்தே முறுக்கு சுட்டு விற்கலாமா? கீழே கடை எடுக்கக் கட்டுப்படியாகவில்லை.

விற்கலாம். வீட்டிலிருந்து செய்யும் சிறுதொழிலுக்கு வீவகவிடம் தனி அனுமதி தேவையில்லை, நிபந்தனைக்குள் இருந்தால். வீட்டில் வசிக்காத ஆளை வேலைக்கு வைக்கக் கூடாது. வாசலில் பலகை மாட்டக் கூடாது. புகை, வாடை, சத்தம், ஆள் நடமாட்டம் அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லையாகக் கூடாது. ரவிக்கை தைப்பது, கேக் செய்வது, மருதாணி இடுவது எல்லாம் இதில் அடங்கும். டியூஷன் என்றால் ஒரே நேரத்தில் மூன்று பிள்ளைகள் வரைதான். கல்யாண வீட்டுக்கு மொத்தச் சமையல் எடுப்பது, கடைகளுக்குச் சப்ளை செய்வது இரண்டும் கூடாது. அதற்கு உரிமம் பெற்ற சமையலறை வேண்டும்.

தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரம் எண்ணெய் வாடை பத்தாவது மாடி வரை ஏறும். பக்கத்து வீட்டுக்கு ஒரு டப்பா முன்கூட்டியே கொடுத்துவிடுவது நல்லது.

இன ஒருங்கிணைப்புக் கொள்கை கடைகளுக்கும் உண்டா?

இல்லை, வீடுகளுக்குத்தான். ஒரு புளோக்கிலும் அக்கம்பக்கத்திலும் ஒவ்வோர் இனத்தவரும் எத்தனை விழுக்காடு வீடுகள் வரை வைத்திருக்கலாம் என்று வரம்பு போடும் கொள்கை அது. ஆனால் மறைமுகமாகக் கடைகளைத் தொடுகிறது. இதை யாரும் அதிகம் பேசுவதில்லை.

எஸ். தனபாலன் தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தபோது, 1989 மார்ச்சில் இந்தக் கொள்கை வந்தது. 2010 முதல் இந்தியர் மற்றும் பிற இனத்தவருக்கான வரம்பு அக்கம்பக்கத்தில் 12 விழுக்காடு, ஒரு புளோக்கில் 15 விழுக்காடு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 5,000 வீடுகள் இருக்கும் அக்கம்பக்கத்தில் நமக்கு உச்சமே 600 வீடுகள். அதிலும் எல்லாரும் தமிழர் அல்ல, எல்லாரும் தோசை மாவு வாங்குபவர்களும் அல்ல. ஒரு முழுத் தமிழ் மளிகைக் கடையை அந்த எண்ணிக்கை மட்டும் தாங்குவது கஷ்டம். ஆகவே பேட்டையில் நம்முடைய கடை என்றால் அரிசி, பருப்போடு பங்களாதேஷ் மீன், வட இந்திய மசாலா, வேலையாட்களுக்கான ஃபோன் அட்டை எல்லாம் சேர்த்து விற்றால்தான் பிழைக்கிறது.

அதே 1989-இல் லிட்டில் இந்தியா, பழைய கட்டடங்களை இடிக்காமல் காக்கும் மரபுப் பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. ஒரு பக்கம் மக்களைத் தீவு முழுதும் பரப்பிவிட்டு, இன்னொரு பக்கம் கடைவீதியை ஒரே இடத்தில் காப்பாற்றி வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் நடக்க இடமில்லாமல் போவதற்கு இந்த இரண்டு முடிவும் காரணம். தேக்கா சந்தைக்கு மேலேயும் பக்கத்திலேயும் நிற்பவை வீவக புளோக்குகள்தான் என்பதைக் கவனித்திருப்பீர்கள். கீழே ஈரச்சந்தையும் சேலைக் கடையும், மேலே குடித்தனம்.

தனியார் வீட்டுப் பகுதிகளில் விதி வேறா?

வேறு. கீழே வணிகம், மேலே குடியிருப்பு என்று பெருந்திட்டத்தில் தனியாக ஒரு வகையே இருக்கிறது. சாலையோரக் கடைவீடுகள் பல அதில் வரும். துணிக்கடையைச் சாப்பாட்டுக்கடையாக மாற்ற வேண்டுமானால் ஆணையத்தின் அனுமதி வேண்டும். வாகன நெரிசல் அதிகமுள்ள சில சாலைகளில் அது கிடைப்பது கஷ்டம். அந்தப் பகுதிகளில் புகார் எல்லாம் ஒரே வகைதான்: கார் நிறுத்த இடமில்லை. நகர மன்றம் இங்கே வராது, அது வீவக பேட்டைகளுக்கு மட்டும்.

சிடிசி (சமூக மேம்பாட்டு மன்றம்) பற்றுச்சீட்டு சின்னக் கடைகளுக்கு உதவுகிறதா?

உதவுகிறது. 2025-இல் ஒவ்வொரு சிங்கப்பூர் குடும்பத்துக்கும் ஜனவரியில் 300 வெள்ளி, மே மாதம் 500 வெள்ளி. அதில் பாதி பேரங்காடியில், பாதி உணவங்காடியிலும் அக்கம்பக்கக் கடையிலும்தான் செலவழிக்க முடிந்தது. அந்தப் பாதிதான் முக்கியம். ஆனால் பற்றுச்சீட்டு வந்த மாதம் கூட்டம், மற்ற மாதம் ஈயாடுகிறது என்று கடைக்காரர்கள் சொல்வதையும் கேட்கிறோம். வாடகை மாதாமாதம் வருகிறது.

எங்கள் பேட்டையில் கடை வேண்டும் என்று எங்கே சொல்வது?

காலியாகக் கிடக்கும் கடை, கடையின் வகை, வாடகை என்றால் வீவக கிளை அலுவலகம். குப்பை, வெளிச்சம், நடைபாதை, வாசலில் அடுக்கிய பொருள், இரவுச் சந்தை என்றால் நகர மன்றம். காலி நிலத்தில் என்ன வரப்போகிறது என்றால் ஆணையத்தின் பெருந்திட்ட வரைபடத்தை இணையத்தில் பாருங்கள், அஞ்சல் குறியீட்டைப் போட்டாலே வரும். 2025 ஜூனில் புதிய பெருந்திட்டத்தின் வரைவை மக்கள் பார்வைக்கு வைத்தபோது கருத்தும் கேட்டார்கள். இப்படிக் கேட்கும் நேரத்தில் எழுதுவதற்கும், கட்டி முடித்த பிறகு எழுதுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

எழுதும்போது ‘வசதி இல்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தப் புளோக், பக்கத்துக் கடை எத்தனை நிமிட நடை, வழியில் படிக்கட்டா சாய்தளமா, எத்தனை முதியவர்கள் என்று எழுதுங்கள். தமிழில் எழுதலாமா என்று சிலர் கேட்கிறார்கள். எழுதலாம், தமிழ் அதிகாரபூர்வ மொழிதானே. பதில் சீக்கிரம் வேண்டுமானால் கூடவே பேரப்பிள்ளையை விட்டு ஆங்கிலத்திலும் ஒன்று போட்டுவிடுங்கள்.